பீர் மேசையில் எல்லாரும் மச்சான்



பனியன் கம்பெனிகளில் போனஸ் போட்டதும் ஊட்டி, மூணாறு என்று வேன் பிடித்துக் கிளம்புவது திருப்பூரில் பழைய வழக்கம். இப்போது நல்லூர்ப் பக்கத்து இளைஞர்களிடம் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. நாலைந்து பேர் காசு போட்டுக் கார் எடுத்துக்கொண்டு பெங்களூர் போகிறார்கள். லால்பாக் பார்க்க இல்லை, பீர் குடிக்க. அதுவும் பாட்டில் பீர் இல்லை. அந்தந்த இடத்திலேயே காய்ச்சி, அங்கேயே ஊற்றித் தரும் பீர். சனி ஒன்று, ஞாயிறு இரண்டு என்று கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். திங்கள்கிழமை காலை முதல் ஷிப்ட்டுக்கு முன்னால் எல்லோருடைய ஸ்டேட்டஸிலும் நுரை பொங்கும் கண்ணாடி கிளாஸ் இருக்கும்.

நம் படிப்பு வட்டத்துக்கு வரும் ஒரு தம்பி கேட்டார்: "தோழர், கம்பெனி ஃப்ரெண்ட்ஸ் கூப்பிடறாங்க. நம்மாளு இதுக்கெல்லாம் போலாமா?"

போகலாம். உழைத்த காசு, உங்கள் விடுமுறை, உங்கள் நாக்கு. "படிச்ச பையன், நாலு காசு சேர்த்து வைக்காம பீர் குடிக்கப் போறான் பாரு" என்று தலித் இளைஞனுக்கு மட்டும் சொல்லப்படும் புத்திமதியை நானும் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த மேசையில் உட்காரும்போது அங்கே என்ன நடக்கிறது, என்ன நடக்கவில்லை என்று தெரிந்துகொண்டு உட்காருங்கள். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த இடங்களைப் பற்றி. 2010களின் தொடக்கத்தில் இந்திராநகரில் டாய்ட், அடுத்து ஆர்பர் ப்ரூயிங் கம்பெனி, வொயிட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ் என்று வரிசையாக வந்தன. இன்று பெங்களூரில் இப்படிப்பட்ட இடங்கள் ஏராளம். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பளபளவென்று எவர்சில்வர் தொட்டிகள் நிற்கும். முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட், கசப்புக்கு ஹாப்ஸ், நொதிக்க ஈஸ்ட், மீதி தண்ணீர். சிறு சிறு கிளாஸ்களில் நாலைந்து வகையை ஊற்றி மரப்பலகையில் அடுக்கிக் கொண்டுவருவார்கள். கோதுமை பீரில் வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் வரும். அதில் பழமும் கிடையாது, கிராம்பும் கிடையாது, ஈஸ்ட் செய்யும் வேலை அது. டாய்ட்டில் பாஸ்மதி அரிசி சேர்த்த பீருக்கே பேர் உண்டு. வரியோடு சேர்த்தால் ஒரு பெரிய கிளாஸின் விலை, செக்கிங்கில் நிற்கும் ஒரு ஹெல்பரின் ஒரு ஷிப்ட் சம்பளத்தை நெருங்கிவிடும்.

அங்கே யாரும் இதைக் குடி என்று சொல்வதில்லை. சுவை, ரசனை, கலை என்கிறார்கள். பரவாயில்லை, அதில் கலை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதே மனிதர்கள் ஊருக்கு வந்ததும் டாஸ்மாக் வாசலில் நிற்கும் சாயப்பட்டறைத் தொழிலாளியைப் பார்த்து, "இவனுங்க குடிச்சே அழியறானுங்க" என்பார்கள். "அன்னன்னைக்கு செஞ்சது, கெமிக்கல் கிடையாது, இந்த மண்ணோட பொருள்" என்று அங்கே பீருக்குச் சொல்லும் அத்தனை பெருமையும் ஒரு காலத்தில் நம் ஊர்க் கள்ளுக்கும் இருந்தது. அந்தக் கள் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. குடிப்பவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் அது ரசனையா நோயா என்று முடிவாகிறது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலும் தலித் கூலித் தொழிலாளர்கள் வாழும் பகுதி அது. அப்போது வந்த கருத்துகளை நினைத்துப் பாருங்கள். விஷம் விற்றவனையும் கண்டுகொள்ளாத அதிகாரியையும் கேட்டவர்களை விட, "ஏன் குடிச்சாங்க?" என்று செத்தவர்களைக் கேட்டவர்கள் அதிகம். பெங்களூர் மேசையில் உட்கார்ந்திருப்பவனிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

இப்போது மேசைக்கு வருவோம். போன வருடம் ஒரு டூருக்கு நானும் போனேன். நான் குடிக்கிறவன் இல்லை. திரும்பி வரும்போது வண்டி ஓட்ட ஒரு ஆள் வேண்டும் என்பதால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அவிநாசி, சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். கம்பெனி ஆட்கள் நாலு பேர், அவர்களில் ஒருவரின் கல்லூரி நண்பர் ஒருத்தர், நான். எல்லோரும் நல்ல பிள்ளைகள். எலுமிச்சை சோடாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு மற்றவர்களை விட நன்றாகக் காது கேட்கும்.

முதல் சுற்றிலேயே எல்லோரும் ஒருவருக்கொருவர் "மாப்ள", "மச்சான்" ஆகிவிட்டார்கள். ஒருவர் கிளாஸை இன்னொருவர் வாங்கிச் சுவைத்துப் பார்த்தார். எச்சில் பார்க்கவில்லை. டீக்கடையில் தனி டம்ளர் பார்த்து வளர்ந்த ஒருவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. எங்களோடு வந்திருந்த நம் தம்பியின் முகத்தில் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தேன். அதை நான் கேலி செய்ய மாட்டேன்.

மூன்றாவது சுற்றில் அந்தக் கல்லூரி நண்பர் தம்பியிடம் மரியாதையாகவே கேட்டார்: "நல்லூர்ல எந்தப் பக்கமுங்க?"

"மெயின் ரோட்டு மேலயேதானுங்க."

"சரிங்க. நீங்க என்ன கூட்டமுங்க?"

வெளியூர்த் தோழர்களுக்காகச் சொல்கிறேன். கொங்குப் பக்கத்தில் "என்ன கூட்டம்" என்றால் கவுண்டர்களில் எந்தக் குலம் என்று அர்த்தம். நீ எங்கள் சாதிதான் என்று முடிவு செய்துவிட்டு, உள்பிரிவைக் கேட்கும் கேள்வி. தம்பி சிரித்துக்கொண்டே, "நம்மளது ஃப்ரெண்ட்ஸ் கூட்டமுங்க" என்றார். மேசையே சிரித்தது. அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசவில்லை.

ஊருக்குத் திரும்பிப் பத்து நாள் கழித்து அந்த நண்பரின் ஊரில் கெடா வெட்டு. டூருக்கு வந்த கம்பெனி ஆட்கள் மூன்று பேருக்கு அழைப்பு வந்தது. தம்பிக்கு வரவில்லை. இடையில் யாரோ விசாரித்திருக்கிறார்கள். சண்டை இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. ஃபோனில் ஒரு அழைப்பு வரவில்லை, அவ்வளவுதான். இன்றைக்குச் சாதி பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. புகார் எழுதலாம் என்றாலும் எதை எழுதுவது?

இதற்கான விளக்கத்தை அண்ணல் 1936லேயே எழுதிவிட்டார். லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் மாநாட்டுக்காக எழுதி, அவர்கள் மாநாட்டையே ரத்து செய்த பிறகு தன் சொந்தச் செலவில் அச்சிட்டாரே, அந்தச் 'சாதி ஒழிப்பு' நூலில். சேர்ந்து சாப்பிடுவதால் சாதி போய்விடாது என்கிறார். ஏற்கெனவே சேர்ந்து சாப்பிடும் சாதிகள் பல இருக்கின்றன, அவற்றுக்கிடையே சாதி உணர்வு சாகவில்லை என்பதைக் காட்டுகிறார். ரத்தக் கலப்பு, அதாவது சாதி கடந்த திருமணம்தான் உண்மையான மருந்து என்றும், அதற்குத் தடையாக நிற்கும் சாத்திரங்களின் புனிதத்தை உடைக்க வேண்டும் என்றும் போகிறது அந்த வாதம்.

பெங்களூர் பீர் மேசை என்பது நம் காலத்துச் சமபந்தி. அரசாங்கம் கோயிலில் வைப்பதை நாம் காசு கொடுத்து வைத்துக்கொள்கிறோம். அங்கே கிளாஸ் ஒன்றாக இருப்பதற்குக் காரணம், உங்களை யாரென்று அந்த ஊருக்குத் தெரியாதது. நம் டீக்கடைகளில் பேப்பர் கப் வந்த பிறகு இரட்டை டம்ளர் கண்ணில் படுவது குறைந்தது போலத்தான் இதுவும். டம்ளரைத் தூக்கிப் போட்டார்கள், அதற்குப் பின்னால் இருந்த எண்ணத்தைப் போடவில்லை.

"மச்சான்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவுக்கான சொல் அது. மேசையில் அதைத் தாராளமாக இறைப்பவர்கள், அந்தச் சொல்லின் அர்த்தம் ஒருநாள் நிஜமாக வந்து நின்றால் என்ன செய்வார்கள்? 2016 மார்ச் 13 அன்று நம் மாவட்டத்து உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றது, அவர் உண்மையிலேயே ஒரு வீட்டுக்கு மருமகன் ஆகிவிட்டதற்காகத்தான்.

அந்த டூரில் எனக்குப் பிடித்த ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு இடத்தில் தொட்டிகளைச் சுற்றிக் காட்டிய இளைஞர், பீர் காய்ச்சும் வேலையில் பெரும்பகுதி கழுவுவதுதான் என்றார். தொட்டி, குழாய், வால்வு எல்லாவற்றையும் காஸ்டிக், அமிலம் என்று விட்டுச் சுழற்றிக் கழுவ வேண்டும். ஒரு கிருமி மிஞ்சினாலும் மொத்தமும் புளித்துப்போகும். நொதிக்கும் தொட்டிக்குள் கரியமில வாயு தேங்கி நிற்கும், மூச்சு முட்டி ஆளைக் கொன்றுவிடும். அதனால் பெரும்பாலும் ஆள் இறங்காமல் எந்திரத்தாலேயே கழுவுகிறார்கள். இறங்கியே ஆக வேண்டுமென்றால் காற்றைச் சோதித்து, வெளியே காவலுக்கு ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பல்லடம் அருகே இருக்கும் கரைப்புதூர் ஞாபகம் வந்தது. 2025 மே மாதம் அங்கே ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய நம் தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி இறந்தார்கள். மனிதரைக் கையால் மலம் அள்ள வைப்பதையும் பாதுகாப்பின்றிக் கழிவுத் தொட்டியில் இறக்குவதையும் தடை செய்யும் சட்டம் 2013லேயே வந்துவிட்டது. இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லிவிட்டது. தொட்டிக்குள் காற்று எப்படிக் கொல்லும் என்பது பீர் காய்ச்சுகிறவனுக்குத் தெரியும், சாயப்பட்டறை நடத்துகிறவனுக்கும் தெரியும். பீர் தொட்டியைக் கழுவுவது படித்துக் கற்றுக்கொள்ளும் தொழில்நுட்பம். கழிவுத் தொட்டியைக் கழுவுவது மட்டும் ஒரு சாதியின் தலைக்கு வந்த வேலை. அந்த எந்திரமும் அந்தக் காற்றுச் சோதனையும் நம் ஊருக்கு வர முந்நூறு கிலோமீட்டர் ஒரு தூரமா?

குடிக்கலாமா கூடாதா என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 1951 தேர்தல் அறிக்கையில் அண்ணலின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு மதுவிலக்கை எதிர்த்தது. அரசுக்கு வர வேண்டிய வருமானம் வீணாகிறது என்பது அதன் முக்கியமான வாதம். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் தன்னோடு பௌத்தம் ஏற்ற மக்களுக்கு அவர் கொடுத்த 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. இதில் முரண் இல்லை. முதலாவது, அரசு என்ன செய்ய வேண்டும் என்பது. இரண்டாவது, நம் மக்கள் தங்களைத் தாங்களே எப்படி உயர்த்திக்கொள்வது என்பது. நான் அந்த இரண்டாவதை எடுத்துக்கொண்டவன். நீங்கள் எதை எடுத்துக்கொள்வது என்பதை நீங்களே படித்து முடிவு செய்யுங்கள். அடுத்தவன் பயமுறுத்தியோ, அடுத்தவன் கேலி செய்தோ முடிவு செய்ய வேண்டாம்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். "என்ன கூட்டம்" என்று கேட்டால் சிரித்து மழுப்ப வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஒளிப்பதற்கு ஆகும் செலவு அந்த பில்லை விடப் பெரியது. ஒவ்வொரு சுற்றிலும் கட்ட வேண்டும், ஊருக்கு வந்த பிறகும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லா இடத்திலும் சொல்வது பாதுகாப்பு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். வேலை போகும் இடம், வாடகை வீடு போகும் இடம் என்று உண்டு. அங்கே எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்பது உங்கள் கணக்கு. ஆனால் நண்பன் என்று நீங்கள் நம்புகிறவனிடமாவது சொல்லிப் பாருங்கள். போகிற நட்பு சீக்கிரம் போகட்டும்.

சாதி இந்து நண்பர்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். பீருக்காக முந்நூறு கிலோமீட்டர் போனீர்கள். உங்களோடு வந்த நண்பனின் தெரு நல்லூரில் உங்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. அங்கே அவன் அம்மா வைக்கும் கறிக்குழம்புக்கு எத்தனை முறை போயிருக்கிறீர்கள்? உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவன் வந்தால் அவனை எந்தப் பந்தியில் உட்கார வைப்பீர்கள்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் வேண்டாம். அந்தத் தெருவுக்கு நடந்து போய்விட்டு வாருங்கள். திங்கள்கிழமை ஸ்டேட்டஸில் அந்தப் படத்தைப் போட முடிகிறதா என்று பாருங்கள்.

ஜெய் பீம்.