அத்தானின் ஹெட்ஃபோனும் என் 52,000 ரூபாயும்

முதல்லயே சொல்லிடுறேன். ‘எந்த ஹெட்ஃபோன் வாங்கலாம்’ என்ற பட்டியலைத் தேடி வந்திருந்தா இது அது இல்லை. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வாரம் பொறுங்க மக்கா என்று கெஞ்சுற கட்டுரை இது. ஏன் கெஞ்சுறேன்னு கதையாவே சொல்றேன்.

போன தசரா சமயத்துல எங்க அத்தான் துபாயிலிருந்து லீவுக்கு உடன்குடி வந்தார். பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடிச்ச பிறகு, அடியிலிருந்து பழுப்புத் தோல் போர்த்தின ஒரு ஹெட்ஃபோனை எடுத்தார். ஃபோகல் ஸ்டெலியா. பிரான்ஸ்ல செய்தது. 2019-ல் வெளிவந்தப்போ விலை 2,999 டாலர், அதாவது அன்னைக்கு நம்ம காசுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல. அத்தான் அங்கே யார்கிட்டயோ செகண்ட் ஹேண்டா வாங்கியிருக்கார்.

“கேட்டுப் பாரு மாப்ளே. பிடிச்சிருந்தா 70,000 கொடுத்து வச்சிக்கோ. நான் வேற எடுக்கப் போறேன்.”

என் கணக்குல இருந்தது 52,000. இரண்டு வருஷமா பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தது, உதவித்தொகையில மிச்சம் பிடிச்சது, ஆச்சி அப்பப்போ கையில் திணிச்சது எல்லாம் சேர்த்து. இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு லேப்டாப் வாங்க வச்சிருந்த பணம். இப்போ இருக்கிற லேப்டாப்போட மூடி செல்லோடேப்பில்தான் நிக்குது. இருந்தாலும் அன்னைக்கு ராத்திரியே மனசு கணக்குப் போட்டிடுச்சு: மீதி 18,000-ஐ அம்மாவோட சீட்டுல எடுத்துக்கலாம்!

ஏற்கெனவே என்கிட்ட இருக்கிறது பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, 80 ஓம். 1985-லேருந்து விற்கிற ஜெர்மன் மாடல், பல ஸ்டுடியோக்களில் கிடக்கும். அதுவும் க்ளோஸ்டு-பேக், ஸ்டெலியாவும் க்ளோஸ்டு-பேக். அதாவது காதுக்கு வெளிப்பக்கம் கிண்ணம் முழுக்க மூடியிருக்கும், சத்தம் உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது. ஓப்பன்-பேக் இன்னும் இயல்பா, விசாலமா கேட்கும்னு எல்லாரும் சொல்வாங்க. சரிதான். ஆனா அப்படிச் சொல்றவங்க எங்க வீட்டுல வந்து ஒரு நாள் இருந்து பார்க்கணும். ஒரு அறையில ஆச்சியோட சீரியல், தலைக்கு மேல கடகடன்னு ஃபேன், அதுக்கு மேல தசரா மாசம். குலசை முத்தாரம்மனுக்கு மாலை போட்டு வேஷம் கட்டின குழுக்கள் மேளத்தோட தெருத்தெருவா வரும் காலம் அது. ஹாஸ்டல்ல இருக்கிற உங்களுக்கும் நிலைமை இதேதான், மேளத்துக்குப் பதிலா ரூம்மேட். நமக்கு க்ளோஸ்டு-பேக் ஆடம்பரம் இல்லை, வேற வழியில்லை. அதனாலதான் அதுல பெரிய தொகை போடலாமாங்கிற கேள்வி நம்மளை விடாம துரத்துது.

முதல் ராத்திரி கேட்டேன். சொல்லவா வேணும். போன்ல டாங்கிளைச் சொருகி, ஒரே பாட்டை முதல்ல என்னோடதுல, பிறகு ஸ்டெலியாவுல. பாடகி மூச்செடுக்கிறது கேட்டுச்சு. பேஸ் கிடார் நெஞ்சுல இடிச்சுது. என்னோடது பக்கத்துல போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருந்துச்சு. 70,000 கொடுத்தா அநியாயச் சலிசுன்னே தோணிச்சு.

மறுநாள் காலையில டீ குடிக்கும்போதுதான் உறைச்சது. இரண்டையும் ஒரே வால்யூம்ல வச்சுக் கேட்டிருக்கேன். வால்யூம் பட்டை ஒண்ணுதான், சத்தம் ஒண்ணு இல்லையே!

நீங்களும் இன்ஜினியரிங்தானே, வாங்க கணக்குப் போடுவோம். டிடி 770-க்குத் தயாரிப்பாளர் கொடுத்திருக்கிற சென்சிட்டிவிட்டி 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல், இம்பீடன்ஸ் 80 ஓம். ஸ்டெலியாவுக்கு 106 டெசிபல், 35 ஓம். இரண்டுக்கும் ஒரே 1 வோல்ட் கொடுத்தா, பவர் V²/R. என்னோடதுக்கு 12.5 மில்லிவாட், 96-ஓட 11 கூட்டினா சுமார் 107 டெசிபல். ஸ்டெலியாவுக்கு 28.6 மில்லிவாட், 106-ஓட 14.6 கூட்டினா 120.6. வித்தியாசம் பதிமூணு டெசிபலுக்கு மேல. (இரண்டு கம்பெனியும் அளக்கிற அதிர்வெண் வேற வேற, அதனால இதைத் தோராயமா எடுத்துக்கோங்க.) பத்து டெசிபல் கூடினாலே காதுக்கு இரு மடங்கு சத்தமா தெரியும். அப்போ நான் ராத்திரி முழுக்க ‘தரம்’னு ரசிச்சதுல பெரிய பங்கு வெறும் சத்தம்!

சத்தம் கூடினா நல்லா இருக்கிற மாதிரி தோணுறது மனுஷக் காதோட பழைய பலவீனம். ஒரு டெசிபல் கூடினாக்கூட ‘சத்தமா இருக்கு’ன்னு மனசு சொல்லாது, ‘தெளிவா இருக்கு’ன்னு சொல்லும். எங்க ஊர்க்காரங்களுக்கு இது புதுசில்லை. சீனி கலந்த கருப்பட்டியை முதல்முறை நாக்குல வச்சா அதுதான் கூடுதல் இனிப்பு. உடன்குடியில வளர்ந்தவனுக்குத்தான் இரண்டாவது கடியில புளுகு தெரியும்.

அதனால இரண்டாவது சோதனை. பழைய ரெக்கார்டு நோட்டு அட்டையில போன் மைக் அளவுக்கு ஓட்டை போட்டு, அதுமேல ஹெட்ஃபோன் கிண்ணத்தைக் கவிழ்த்து, லேப்டாப்லேருந்து பிங்க் நாய்ஸ் ஓடவிட்டேன். போன்ல இலவச டெசிபல் மீட்டர். அது காட்டுற எண் சரியா இருக்கணும்னு அவசியமில்லை, இரண்டும் ஒரே எண்ணுக்கு வந்தா போதும். அந்த வால்யூம் அளவுகளைக் குறிச்சு வச்சுக்கிட்டு மறுபடி கேட்டேன். கண்ணைக் கட்டிக்கிட்டுக் கேட்கலாம்னும் பார்த்தேன். நடக்காது. என்னோடது 270 கிராம், அது 435 கிராம். தலையில வச்ச உடனே கழுத்து சொல்லிடும் எது எதுன்னு.

சத்தம் சமமானதும் போர்வை பாதி விலகிடுச்சு. வித்தியாசம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஸ்டெலியாவுல குரல் இன்னும் முழுசா இருந்துச்சு. என்னோடதுல ‘ச’, ‘ஸ’ வர்ற இடமெல்லாம் ஊசி மாதிரி குத்தும், அதுல குத்தலை. ஆனா ‘வேற உலகம்’ போய் ‘கொஞ்சம் மேல்’ங்கிற அளவுக்கு வந்திடுச்சு.

ஒப்பிட எதைக் கேட்கிறதுங்கிறதும் முக்கியம். சினிமாப் பாட்டு ஸ்டுடியோவுல எப்படி ஒலிச்சதுன்னு நமக்கு எப்படித் தெரியும்? நான் வில்லுப்பாட்டு வச்சுக் கேட்டேன். கொடை விழாவுல மேடைக்குப் பக்கத்துல உட்கார்ந்து வருஷா வருஷம் கேட்ட சத்தம். குடத்தோட வாயில அடிக்கும்போது கிளம்புற அந்தக் ‘கும்’ எவ்வளவு ஆழம், எவ்வளவு சீக்கிரம் அடங்கும்னு என் உடம்புக்குத் தெரியும். என்னோடதுல அந்தக் ‘கும்’ மெலிஞ்சு போயிருந்துச்சு. ஆச்சரியம் என்னன்னா, இதே ஹெட்ஃபோன் வாங்கின புதுசுல பேஸ் ஜாஸ்தின்னு நானே குறைப்பட்டிருக்கேன்.

காரணம் இரண்டு. ஒண்ணு, என் மூக்குக் கண்ணாடி. க்ளோஸ்டு-பேக்ல பேஸ் நிக்கிறதே பேட் காதைச் சுத்திக் காத்து போகாம அடைக்கிறதாலதான். கண்ணாடிக் கம்பி ஒரு சின்ன சந்து விட்டா, முதல்ல ஓடிப்போறது பேஸ்தான். கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேளுங்க, ஒரு ரூபாய் செலவில்லாத அப்கிரேடு. இரண்டாவது, மூணு வருஷ வியர்வை. கடற்கரை ஊர் உப்புக் காத்துலயும் புழுக்கத்துலயும் என் வெல்வெட் பேட் சப்பாத்தியா அமுங்கிக் கிடந்துச்சு. பேட் அமுங்கினா ட்ரைவர் காதுக்கு நெருங்கி வரும், அடைப்பும் போகும், கம்பெனி வச்ச ஒலியே மாறிப்போகும். அப்போ நான் ஒப்பிட்டது இரண்டு ஹெட்ஃபோனை இல்லை, ஒரு ஹெட்ஃபோனையும் ஒரு பழைய பஞ்சையும்.

3,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல கொடுத்து ஒரிஜினல் பேட் வரவழைச்சேன். ஆறு நாள்ல வந்துச்சு. குடம் திரும்பி வந்துச்சு.

அடுத்து அந்த ஊசிக் குத்தல். இதுக்கு க்ளோஸ்டு-பேக்கோட அடிப்படைச் சிக்கலைப் புரிஞ்சுக்கணும். ட்ரைவர் முன்னாடி தள்ளுற அளவு காத்தைப் பின்னாடியும் தள்ளும். ஓப்பன்-பேக்ல அது வெளியே போயிடும். மூடின கிண்ணத்துல எங்கே போகும்? சுவர்ல மோதித் திரும்பும். 8,000 ஹெர்ட்ஸ்ல அலைநீளம் சுமார் 4.3 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட கிண்ணத்தோட அளவு. அதனால அந்தப் பக்கத்துலதான் எதிரொலி சேட்டை அதிகம். டிடி 770-ஓட பேர்போன மேட்டு முனையும் அந்தச் சுற்றுவட்டாரத்துலதான் நிக்குது. உயர்விலை க்ளோஸ்டு-பேக்ல நீங்க கொடுக்கிற காசு பெரும்பாலும் இந்தப் பின்னலையோட சண்டை போடத்தான் போகுது. சென்ஹைசர் ஹெச்டி 820-ல கிண்ணத்துக்கு வளைஞ்ச கொரில்லா கிளாஸ் வச்சு அலையை ஓரமாத் தள்ளினாங்க. டேன் கிளார்க் 2021-ல கொண்டுவந்த ஸ்டெல்த்துல மெட்டாமெட்டீரியல் வச்சு உறிஞ்சவச்சாங்க. ஸ்டெலியாவுல பெரிலியம் ட்ரைவர். எல்லாமே அருமையான இன்ஜினியரிங், மெக்கானிக்கல் படிக்கிறவங்க இதையெல்லாம் தேடிப் படிக்கணும். ஆனா காசு போட்ட எல்லாரும் அந்தச் சண்டையில ஜெயிக்கிறதில்லை.

இது என் வயித்தெரிச்சல் இல்லை. 2017-ல் ஜெரோன் ப்ரீபார்ட் என்கிற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களோட ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸை விலையோட வச்சு ஒப்பிட்டு, இரண்டுக்கும் தொடர்பே இல்லைன்னு கட்டுரை போட்டார். கவனிங்க, அவர் அளந்தது ரெஸ்பான்ஸ் மட்டும். உறுதி, சொகுசு, டிஸ்டார்ஷன் எல்லாம் அந்தக் கணக்குல வராது. ஸ்டெலியாவோட பேட் என் கண்ணாடிக் கம்பியைச் சுத்தி மெத்துன்னு உட்கார்ந்ததுக்கும், கேபிள் பிஞ்சா மாத்திக்கலாம்ங்கிற நிம்மதிக்கும் காசு கொடுக்கலாம், தப்பில்லை. (என்னோடதுல கேபிள் உள்ளேயே பத்த வச்சது, பிஞ்சா திருநெல்வேலிக்குத் தூக்கிக்கிட்டு அலையணும்.) ஆனா ஒலி அதே விகிதத்துல ஏறும்னு நினைச்சுக் காசு கொடுக்காதீங்க.

ரெஸ்பான்ஸ்தான் குறைன்னா அதை ஈக்யூவில சரிபண்ணலாம், இலவசமா. லேப்டாப்ல ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டுல வேவ்லெட். ஆட்டோஈக்யூன்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் திட்டம் இருக்கு, ஆயிரக்கணக்கான ஹெட்ஃபோன்களோட அளவீட்டை வச்சு எந்த இடத்துல எவ்வளவு குறைக்கணும், கூட்டணும்னு எண்ணாவே கொடுத்திருக்கும். உங்க மாடலைப் போட்டு ஏத்திக்கோங்க. அவங்க சொல்ற ப்ரீஆம்ப் குறைப்பை மட்டும் விட்டுடாதீங்க, இல்லேன்னா கிளிப் ஆகி, ‘ஈக்யூ போட்டா ஒலி கெட்டுப் போகும்’னு நீங்களும் சொல்ல ஆரம்பிச்சிடுவீங்க. ஈக்யூ எல்லாத்தையும் சரிபண்ணாது. பேட் ஒழுகுறதையும் கிண்ணத்தோட எதிரொலியையும் அதால ஒழிக்க முடியாது. என்னோடதுல ஊசியோட முனை மழுங்கிச்சு, அவ்வளவுதான். அது போதும்.

இன்னொண்ணு, இதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் தந்த விஷயம். டிடி 770 வெளிச்சத்தத்தைச் சுமார் 18 டெசிபல் தடுக்கும்னு தயாரிப்பாளர் சொல்றாங்க. ஆனா தடுப்பு எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒரே மாதிரி இல்லை. சீரியல் வசனம் அடங்கும், மேளத்தோட அடி உள்ளே வந்துடும். அதை அமுக்க நாம வால்யூமைக் கூட்டுவோம். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்ற வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல்ல. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி. 86-க்கு 10. 89-க்கு வந்தா வாரம் முழுக்க 5 மணி நேரம்தான். பஸ்ல போற நேரத்தை மட்டும் கூட்டிப் பாருங்க. காது நரம்புல உதிர்ந்த செல் திரும்ப முளைக்காது, அதுக்கு ஒரிஜினல் பேட் ஆறு நாள்ல வராது. இரண்டு லட்ச ரூபாய் ஹெட்ஃபோன் வாங்கி, அதைக் கேட்க வேண்டிய காதை முப்பது வயசுக்குள்ள தேய்ச்சுட்டா என்ன லாபம்? குலசையில ஸ்பீக்கருக்குப் பக்கத்துல விடிய விடிய நின்ன எனக்கு இதைச் சொல்ல யோக்கியதை இல்லைதான்.

அப்போ எப்பவுமே வாங்கக் கூடாதா? வாங்கலாம். பேட் மாத்தி, ஈக்யூ போட்டு, சத்தம் சமன் பண்ணி ஒரு வாரம் கேட்ட பிறகும் ‘இந்த இடத்துல இது தோக்குது’ன்னு விரல் வச்சுக் காட்ட முடிஞ்சா, அந்தக் குறையைத் தீர்க்கிற மாடலை வாங்குங்க. ‘அடுத்த லெவல்’ங்கிற வார்த்தைக்காக வாங்காதீங்க. 35 ஓம் ஹெட்ஃபோனுக்கு ஆம்ப் வாங்கச் சொல்ற கடைக்காரர்கிட்ட மேல போட்ட கணக்கைக் காட்டுங்க, போன் டாங்கிளே காதைக் கிழிக்கும்.

புதுப் பேட், ஈக்யூவோட கடைசியா ஒரு தடவை இரண்டையும் வச்சுக் கேட்டேன். ஸ்டெலியாதான் மேல். இப்பவும் மேல்தான். அந்த இடைவெளிக்கு என்னால கொடுக்க முடிஞ்ச விலை என்னன்னு யோசிச்சேன். பத்தாயிரம், மிஞ்சிப்போனா பன்னிரண்டு. அதை அத்தான்கிட்ட சொல்லவும் செஞ்சேன். அக்கா சிரிச்சா, அவர் சிரிக்கலை.

லேப்டாப் போன மாசம் வாங்கியாச்சு. அத்தான் ஸ்டெலியாவைத் திரும்ப எடுத்துக்கிட்டுத்தான் போனார். ஆனா வாட்ஸ்அப்ல விலை இறங்கிக்கிட்டே இருக்கு. நேத்து ராத்திரி வந்த மெசேஜ்: “மாப்ளே, 58,000. கேபிள் ஃப்ரீ.”