மலையைக் கேட்டுக் கட்டியவரும் மக்களைக் கேட்டுக் கட்டியவரும்

பண்டாரவளையில் நல்லாயன் கன்னியர்மடத்துச் சிற்றாலயத்தைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். கருங்கல்லால் எழுந்த அந்தச் சிற்றாலயம் 1961-62ஆம் ஆண்டுகளில் கட்டப்பட்டது. அதை வரைந்தவர் ஜெப்ரி பாவா. அவருடன் உழைத்தவர் டென்மார்க் நாட்டுக் கட்டடக் கலைஞர் உல்ரிக் பிளெஸ்னர். உலகப் புகழ்பெற்ற ஒருவரின் ஆரம்பகால வேலை நம் ஊவா மலையில் நிற்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

மண்சரிவில் வீட்டையும் தோட்டத்தையும் இழந்து, பாடசாலைக் கட்டடத்திலும் உறவினர் வீட்டு விறாந்தையிலும் நாட்களைக் கழித்த குடும்பங்களுக்குக் கட்டடக் கலைஞரின் கதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நாளைக்கு உங்களுக்கு ஒரு வீடு கட்டித் தரப்படும்போது, அதன் வரைபடத்தை யாரோ ஒருவர் வரைந்திருப்பார். அந்தக் கோடுகளுக்குள்தான் உங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழப்போகிறார்கள். ஆகவே நல்ல வரைபடம் எது, அது எப்படிப் பிறக்கிறது என்பதை அறிந்து வைத்திருப்பது நமது தேவை.

பாவா 1919இல் கொழும்பில் பிறந்தார். இங்கிலாந்தில் படித்துச் சட்டத்தரணியானார். 1948இல் பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கை என்ற இறப்பர் தோட்டத்தை வாங்கினார். அந்தக் காணியைச் சீர்ப்படுத்தும் ஆசைதான் அவரைக் கட்டடக் கலைக்கு இழுத்தது. மீண்டும் மாணவராகி, 1957இல், 38 வயதில் இலண்டனில் தேர்ச்சி பெற்றுத் திரும்பினார். அதன்பின் பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டல், கொழும்பு பேரே வாவியில் நிற்கும் சீமா மாலக்கய, மாத்தறையில் ருகுணு பல்கலைக்கழகம், 1982இல் திறக்கப்பட்ட ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டைப் பாராளுமன்றம் என்று அவருடைய வேலைகள் பெருகின. 2001இல் ஆகா கான் கட்டடக்கலை விருதுக் குழு அவரது வாழ்நாள் பணிக்குத் தனி விருது வழங்கியது. 2003இல் காலமானார். இந்தப் பெருவேலைகள் பலவற்றில் அவருக்குத் தோள் கொடுத்த பங்காளி கே. பூலோகசுந்தரம் என்ற தமிழ்ப் பொறியியலாளர் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

அவரிடமிருந்து நாம் கற்கக்கூடியவை என்ன?

முதலாவது, நிலத்தை மதித்தல். 1994இல் திறக்கப்பட்ட கந்தளம ஹோட்டலை எடுத்துக்கொள்வோம். அது பாறைச் சரிவை ஒட்டி நீண்டு செல்கிறது. சரிவை வெட்டித் தட்டையாக்காமல், கட்டடத்தைத் தூண்களின்மேல் ஏற்றி, மழைநீர் அடியால் ஓடிப்போக வழிவிட்டார். மலையில் வாழும் நமக்கு இது வெறும் அழகு விடயமல்ல. சரிவை நெட்டுக்குத்தாக வெட்டி, தண்ணீர் போன பழைய வழியை மண்போட்டு மூடி, அதன்மேல் வீட்டை வைப்பதனால் என்ன நடக்கும் என்பதை நாம் அறிவோம்.

இரண்டாவது, காலநிலையை மதித்தல். அகன்ற தாழ்வாரம், காற்றோடும் நடுமுற்றம், மழையில் நனையாத விறாந்தை ஆகியவை நம் பாட்டன் பூட்டன் காலத்து வீடுகளில் இருந்தவை. சீமெந்துப் பெட்டி வீடுகள்தான் நாகரிகம் என்று எண்ணப்பட்ட காலத்தில் பாவா அவற்றை மீண்டும் எடுத்தார். பழைய ஓடு மழையில் ஒழுகும் என்பதால், நெளித்தகட்டின்மேல் ஓட்டைப் பதிக்கும் முறையை அவரும் பிளெஸ்னரும் கையாண்டார்கள். ஒழுக்கும் நின்றது, வெக்கையும் குறைந்தது. (அவர்கள் அன்று பயன்படுத்திய கல்நார்த் தகடு நுரையீரலுக்குக் கேடு என்று இன்று அறிந்திருக்கிறோம். அதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை.)

மூன்றாவது, எளிய வேலையையும் பெரிய வேலையாகக் கருதுதல். 1960களில் ஹங்வெல்லையில் நல்லாயன் கன்னியருக்காக, ஆதரவற்ற பெண்பிள்ளைகள் விவசாயம் பழகும் ஒரு பண்ணைப் பாடசாலையையும் அவர் வரைந்து கொடுத்தார். பண்ணைக் கட்டடத்துக்கு வரைபடம் எதற்கு என்று அவர் ஒதுக்கிவிடவில்லை.

இவ்வளவையும் சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது உண்மையாகாது. பாவாவை அழைத்தவர்கள் பெரும்பாலும் வசதி படைத்தவர்களும் அரசாங்கமும் ஹோட்டல் கம்பனிகளும்தான். கந்தளம ஹோட்டலுக்கு எதிராகவே, குளத்து நீர் மாசுபடும் என்று அஞ்சி, கிராம மக்களும் பிக்குகளும் போராடினார்கள். மலையகத்தில் அவர் முதலில் செய்த வேலைகளுள் ஒன்று, 1959 அளவில் அப்கொட் பக்கம் ஸ்ட்ரத்ஸ்பே தோட்டத்தில் வரைந்த துரை பங்களா. அதே மலைகளில் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களில் குடும்பங்கள் நெருக்குண்டு கிடந்தன. அவருடைய புகழ்பெற்ற வேலைகளின் வரிசையில் லயத்துக்குப் பதிலாக எழுந்த குடியிருப்பு ஒன்றுகூட இல்லை. இதை அவர் ஒருவரின் குற்றமாக நான் சொல்லவில்லை. துரைக்கு வீடு கட்டக் கலைஞரை அழைத்தவர்கள், தொழிலாளிக்கு வீடு கட்ட மேசனை மட்டும் அழைத்தார்கள். நோய் அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு செய்தியையும் எண்ணிப் பாருங்கள். 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் ஏனா டி சில்வாவுக்காகப் பாவா கட்டிய வீட்டின் காணி 2009இல் கைமாறியது. வீட்டை இடிக்க மனமில்லாமல், கல்லுக்கும் ஓட்டுக்கும் இலக்கமிட்டுக் கழற்றி, லுணுகங்கையில் மீண்டும் பூட்டி நிறுத்தினார்கள். நல்ல காரியம், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஒரு வீட்டை இடம்பெயர்க்க எடுத்த கவனத்தில் பாதியாவது, குடும்பங்களை இடம்பெயர்க்கும்போது எடுக்கப்படுகிறதா? யாருக்குப் பக்கத்தில் யார் வாழ்ந்தார்கள், எந்தக் கிழவியை எந்த வீட்டார் பார்த்துக்கொண்டார்கள், எந்தக் கோவிலடியில் எல்லோரும் கூடினார்கள் என்பவற்றுக்கு யார் இலக்கமிடுகிறார்கள்?

இந்த இடத்தில்தான் மினெட் டி சில்வாவை நாம் அறிந்துகொள்ள வேண்டும். 1918இல் கண்டியில் பிறந்த இவர், 1948இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் கழகத்தில் அங்கத்துவம் பெற்ற முதல் ஆசியப் பெண். பிளெஸ்னர் இலங்கைக்கு வந்ததே இவரிடம் வேலை செய்யத்தான். 1950களில் கண்டி வட்டபுளுவையில் அரச ஊழியர்களுக்காக இருநூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட திட்டம் இவர் கைக்கு வந்தது. வரைவதற்கு முன்பு, அங்கே குடிவரப்போகும் குடும்பங்களிடம் கேள்விக்கொத்துக் கொடுத்தார்; நேரிலும் பேசினார். எப்படிச் சமைக்கிறீர்கள், எங்கே வழிபடுகிறீர்கள், வீட்டில் எத்தனை பேர் என்று அறிந்த பின்பே சில மாதிரி வீடுகளை வகுத்தார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எனப் பல சமூகத்தவர் அங்கே அயலவராகக் குடியேறினார்கள். பாவாவுக்குக் கிடைத்த புகழ் இவருக்குக் கிடைக்கவில்லை, 1998இல் மறைந்தார். ஆனாலும் நமக்கு இவரே பெரிய ஆசான் என்பது எனது கருத்து. பாவா மலையைக் கேட்டார். இவர் மக்களையும் கேட்டார்.

நமது நிலைமைக்கு வருவோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் உமா ஓயாச் சுரங்கத்துள் நீர் பீறிட்ட பின்பு, பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. இந்திய உதவியுடன் தோட்டங்களில் எழுந்த வீடுகள் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி கொண்டவை. லயத்துக் காம்பராவோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்; மறுக்க முடியாது. ஆயினும் கணக்குப் பாருங்கள். 7 பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு போக மீதி 1,350 சதுர அடி. அந்த மீதியில் விறகு எங்கே, மண்வெட்டியும் மருந்தடிக்கும் டாங்கியும் எங்கே, விதை உருளைக்கிழங்கு எங்கே, மாட்டுக் கொட்டில் எங்கே? வீட்டை முன்னே வைப்பதா பின்னே வைப்பதா என்பதிலேயே ஒரு விவசாயக் குடும்பத்தின் மரக்கறிப் பாத்தி தங்கியிருக்கிறது.

“அவசரத்தில் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? ஒரே வரைபடம் என்றால் செலவு குறைவு” என்று அதிகாரிகள் சொல்வார்கள். அவர்களுடைய சிரமம் உண்மையானது. மழைக்காலத்துக்கு முன் கூரை வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் வட்டபுளுவையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு வரைபடம் போடப்படவில்லை. கேட்டறிந்து, சில மாதிரிகளாக வகுத்தார்கள். இரண்டு கூட்டமும் ஒரு கேள்வித்தாளும் எந்தத் திட்டத்தையும் வங்குரோத்தாக்காது. கேளாமல் கட்டிய வீட்டில் அடுத்த ஆண்டே தகரம் சாய்த்து இன்னொரு குசினி கட்டுகிறோமே, அந்தச் செலவை யார் கணக்கில் எழுதுவது?

ஆகவே மாதர் சங்கத்திலும் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் கூடும்போது இவற்றைப் பேசுங்கள். முதலாவது, காணியைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பரிசோதித்து எழுத்தில் அறிக்கை தந்ததா? ஆபத்தான நிலத்தில் எந்தக் கலைஞரின் வீடும் நில்லாது. இரண்டாவது, மழைநீர் எந்த வழியால் போகும்? மூன்றாவது, அடுப்பும் புகைபோக்கியும் எங்கே? இதைப் பெண்களே சொல்லட்டும். நான்காவது, பழைய அயலவர்கள் அயலவராகவே இருப்பார்களா? ஐந்தாவது, உறுதி யார் பெயரில், கணவன் மனைவி இருவர் பெயரிலுமா? பதிலை ஒரு கொப்பியில் எழுதி, எல்லோரும் கையொப்பமிட்டு, பிரதேச செயலகத்தில் கொடுத்துப் பிரதி ஒன்றை வாங்கி வையுங்கள். வரைபடம் கையொப்பமாகும் முன்பே இதைச் செய்ய வேண்டும். அத்திவாரம் வெட்டிய பின்பு பேசிப் பயனில்லை.

பண்டாரவளைக்குப் போனால் அந்தக் கற்சுவரைத் தொட்டுப் பாருங்கள். இதே ஊவாவில், இப்படிக் கவனமாகக் கட்ட முடியும் என்பதற்கு அது சாட்சி. அந்தக் கவனம் ஏழையின் வீட்டுக்கும் உரியது. கேட்டால்தான் அது கிடைக்கும்.