ஆட்கள் தேவை! எத்தனை நாளைக்கு?



"விற்பனை கூடியிருக்கிறது, ஆட்கள் தேவை" என்ற அறிவிப்பை நம் கல்லூரிப் பலகையில் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே குஷி. எனக்கு மட்டும் அக்கா ஞாபகம் வந்துவிடும்.

2020-ல் கொரோனா வந்தது. கடையில் சானிடைசர் கிடைக்கவில்லை. மார்ச் மாதம் மத்திய அரசு அதை அத்தியாவசியப் பொருளாக அறிவித்து, 200 மில்லி பாட்டிலை 100 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்றது. சர்க்கரை ஆலைகள்கூட சானிடைசர் தயாரிக்க இறங்கின. ஊரே கதவைச் சாத்திக் கிடந்தபோது, ஒரு கம்பெனி வேன் எங்கள் தெருவுக்கு வந்தது. எட்டாவதோடு நின்றுவிட்ட அக்கா அதில் ஏறினாள். பாட்டிலுக்கு மூடி திருகும் வேலை. பன்னிரண்டு மணி நேரம். அந்தக் கூலியில் வாங்கிய பழைய போனில்தான் நான் பாடம் படித்தேன். எங்கள் வீட்டில் டிப்ளமா வரை வந்த முதல் ஆள் நான். ஆள் எடுப்பதையே குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் மறு வருடம் சானிடைசர் விற்பனை படுத்துவிட்டது. ஒருநாள் மேஸ்திரி, "நாளையிலிருந்து வர வேணாம்மா" என்றார். அவ்வளவுதான்! கம்பெனி ரெஜிஸ்டரில் அக்கா பேரே இல்லை. காண்ட்ராக்டர் நோட்டில்தான் இருந்ததாம். ஊர் கையைச் சுத்தம் பண்ண பாட்டில் அடைத்த இடத்தில், கழிவறையில் ஒரு சோப்புத் துண்டு இருந்ததில்லை என்பாள்.

"வியாபாரம் விழுந்தா முதலாளி என்னடா பண்ணுவாரு?" என்று வகுப்பு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. சானிடைசர் சீசன் சரக்கு என்றே வைத்துக்கொள்வோம். சோப்பும் நாப்கினும் அப்படியா? நாப்கின் மீதிருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி.யை 2018 ஜூலையில் நீக்கினார்களே, அது மாதாமாதம் வேண்டிய பொருள் என்பதால்தானே? தேவை நிரந்தரம், வேலை மட்டும் ஏன் தற்காலிகம்?

தமிழ்நாட்டில் 1981-ல் ஒரு சட்டம் வந்தது. 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது அது. அக்கா போனது பதினாலு மாதம். மாதம் 26 நாள் என்றால் 364. அவளுக்கு எட்டவில்லை. சரி, எட்டியவர்கள் அதை எதை வைத்து நிரூபிப்பார்கள்? வருகைப் பதிவேட்டை வைத்துத்தான்.

நண்பர்களே, அந்தப் பதிவேட்டில் நாளை பேனா பிடிக்கப் போவது யார்? டிப்ளமா முடித்து சூப்பர்வைசராகப் போகிற நாம்தான்! இன்டர்வியூவில் "சம்பளம் எவ்வளவு சார்?" என்று கேட்கிறோம். "லைன்ல நிக்கிறவங்க பேரு எந்த ரெஜிஸ்டர்ல சார் இருக்கு?" என்றும் கேட்டுப் பழகுவோம். வந்தவள் பேருக்கு நேரே, வந்த நாளை வந்த நாளாகவே எழுதுவோம். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். நாம் படித்ததே போதும்.