நடுவுநிலை எனும் போர்வை

துறையூர்க்கு மேலே பச்சைமலையில், வண்ணாட்டிலும் தென்பரநாட்டிலும் கோம்பையிலும் வாழும் மலைமக்கள் பேசுவது தமிழே. மலையில் வாழ்தலின் மலையாளி எனப் பெயர்பெற்ற அவரைச் சேரநாட்டார் என்று மயங்குவோரும் உளர்! அங்கே 'வழியில்லை' என்று மலைமகன் சொல்ல, 'வழியுண்டு' என்று அலுவலர் சொல்ல, இரண்டையும் அருகருகே அச்சிட்டு 'நடுவுநிலை காத்தேன்' என்பாராயின் ஒரு செய்தியாளர், அவர் காத்தது தம் கால்களையே. ஏறி நடந்திருந்தால் இரண்டில் ஒன்று பொய்யென விளங்கியிருக்கும்.

ஒதுங்கி நின்று பார்ப்பதே இதழறம் என்பது மேலைநாட்டார் கொள்கை. உலகெங்கும் அஃதன்று. 2012 முதல் 2016 வரை 67 நாடுகளில் ஏறத்தாழ 27,500 இதழாளரை வினவிய ஆய்வில், ஆசிய, ஆப்பிரிக்க நாட்டார் பலர் நாட்டு வளர்ச்சிக்குத் துணைநிற்பதையும் தம் கடனாகக் கூறினர். அதிலும் ஒரு கண்ணி உண்டு: நாடு வேறு, அரசு வேறு என்பதை மறந்தால் எழுதுகோல் அரசின் துடைப்பமாகும்.

யாழ்ப்பாணத்து உதயன் அலுவலகத்துள் 2006 மே 2ஆம் நாள் படைக்கலத்தோடு புகுந்தோர் பணியாளர் இருவரைச் சுட்டுக் கொன்றனர். மறுநாள் உலக இதழுரிமை நாள்! இதழோ நிற்கவில்லை. அவ்விதழாளரிடம் போய், 'ஒதுங்கி நின்று எழுதுக' என்று சொல்ல எவர்க்கு நா எழும்?