பக்கத்தில் உட்கார்ந்தால் போதுமா?

பூம்புகாரைப் பற்றி நாம் அறிந்தது எதுவும் ஒரே இடத்திலிருந்து கிடைத்ததல்ல. பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் செல்வம் கொழித்த நகரத்தைக் காட்டுகின்றன. கிரேக்கப் புவியியலாளர் தாலமி குறிப்பிட்ட ‘கபேரிஸ்’ இதுவே என்பது ஆய்வாளர் கருத்து. 1960-களில் தொடங்கிய அகழாய்வில் கீழையூரில் செங்கல் படகுத்துறையும் பல்லவனேஸ்வரத்தில் புத்த விகாரையும் வெளிப்பட்டன. கடலடியிலும் தேடினார்கள். இவை ஒன்றோடொன்று முழுதாகப் பொருந்துவதில்லை. பொருந்தாத இடத்தில்தான் வரலாறு படிப்பதே தொடங்குகிறது. ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் இந்த ஊர் வருகிறது. வினா-விடையாக ஒப்பித்துவிட்டுப் போகிறோம்.

ஒன்பதாம் வகுப்பில் இதைக் கூடிக் கற்கலாம். ஐந்து பேர் கொண்ட குழுக்கள். இலக்கியம், அயலார் குறிப்பு, அகழாய்வு, கடலடி ஆய்வு, காவிரியின் போக்கு என ஆளுக்கொரு சான்று. ஒரே சான்றை எடுத்தவர்கள் முதலில் தனியே கூடித் தெளிந்துகொண்டு, பிறகு தத்தம் குழுவுக்குத் திரும்பிச் சொல்லித்தர வேண்டும். முடிவில் தேர்வு தனித்தனியே. ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்காவிட்டால் பாடம் நிறையாது. பூம்புகாரை அடுத்த வானகிரியின் மீனவக் குடும்பத்துப் பிள்ளை கடலைப் பற்றிச் சொல்லும்போது, கடைமடை விவசாயி வீட்டுப் பிள்ளை காது கொடுத்தே ஆக வேண்டும்.

1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் உளவியலாளர் எலியட் ஆரன்சன் இம்முறையை உருவாக்கியதன் காரணமும் இதுதான். கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்த பிறகும் பகை தணியவில்லை. தமிழ்நாட்டிலும், நாங்குநேரியில் பள்ளி மாணவர்களிடையே நடந்த சாதிக் கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024-இல் அளித்த அறிக்கையில் மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி அமர்த்தச் சொன்னது. அவசியமான பரிந்துரை. ஆனால் பக்கத்தில் இருப்பவனின் உதவி தேவைப்படும்போதுதான் அவன் சாதியைத் தாண்டி அவனையே பார்க்கத் தோன்றும். சமூக அறிவியல் வகுப்பில் அல்லாமல் வேறெங்கே இதைப் பழக்குவது?

குழுக் கற்றல் நமக்குப் புதிதல்ல. நடுநிலை வகுப்புகளில் படைப்பாற்றல் கல்வி, மனவரைபடம், கலந்துரையாடல் எல்லாம் வந்தன. பல வகுப்புகளில், நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளை எழுத, மற்றவர் கைகட்டிப் பார்ப்பதாக அது சுருங்கிப்போனது. பொறுப்பைப் பங்கிடாமல் பெஞ்சை மட்டும் வட்டமாகப் போட்டால் வேறென்ன நடக்கும்?

ஆசிரியர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் உண்டு. சமூக அறிவியலிலோ நூறும் எழுத்துத் தேர்வுக்கே. அந்தத் தேர்வுக்கான அவசரம் ஒன்பதாம் வகுப்பையும் விழுங்கிவிடுகிறது. பத்து மதிப்பெண்ணையாவது கூடிக் கற்றலுக்கு ஒதுக்க வேண்டும். குழுவுக்கு மொத்தமாகப் போடும் மதிப்பெண்ணாக அது இருக்கக் கூடாது. தான் படித்த பகுதியை விட்டுவிட்டு, தோழன் சொல்லித்தந்த பகுதியிலிருந்து ஒவ்வொரு பிள்ளையிடமும் வாய்மொழியாகக் கேள்வி கேட்டு அதை வழங்க வேண்டும்.