மீசை முளைத்தவன்தான் ஆட்டக்காரனா?

13 வயதுப் பையன்களை ஓடவிட்டு, உயரம் அளந்து, முந்துகிறவனை எடுத்தால் போதும்; பேத்தமங்கலா, கோலார் தங்கவயல் பக்கம் கால்பந்தை வளர்க்க வேறு வித்தை வேண்டாம் என்கிறார் நண்பர். போதாது, ஐயா.

பையன்கள் சராசரியாக 14 வயதையொட்டித்தான் மளமளவென்று வளர்கிறார்கள். சிலருக்கு அது ஓரிரு ஆண்டு முந்தும், சிலருக்குப் பிந்தும். ஒரே வகுப்பில் ஒருவனுக்கு அரும்பு மீசை, பக்கத்தில் நிற்பவனுக்கு ஜெர்சி முழங்காலைத் தொடுகிறது. இருவரையும் ஓடவிட்டு நீங்கள் அளப்பது திறமையை அல்ல, யார் முதலில் பருவமடைந்தான் என்பதை. ஒரே ஆண்டில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுவது தனிக்கொடுமை.

உடற்தகுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது பயிற்சியில் ஏறும்; பந்தை வாங்குமுன் தலையைத் திருப்பிப் பார்க்கும் புத்தி அவ்வளவு லேசில் வராது.

இங்கிலாந்து ஆட்டக்காரர் ஜேமி வார்டியை உயரம் போதாதென்று 16 வயதில் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கிளப் கழற்றிவிட்டது. 2016இல் லெஸ்டர் சிட்டியோடு பிரீமியர் லீக் கோப்பையைத் தூக்கினார். பெல்ஜியமோ, தாமதமாக வளரும் பிள்ளைகளுக்கென்றே தனி இளையோர் அணி வைத்தது.

2001இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட தங்கவயலில் ஒரு பையனுக்கு இரண்டாம் வாய்ப்பு சுலபமாக வராது. ஆகவே, மூன்று மாதத்துக்கொரு முறை உயரத்தைக் குறித்து வையுங்கள். ஒத்த வளர்ச்சி உள்ளவர்களோடு மோதவிடுங்கள். 16 வயதுக்கு முன் யாரையும் விரட்டாதீர்கள்.