கதை முடிஞ்சிருச்சு, நீதி வேண்டாம்

சின்னப் பிள்ளைகளுக்கான கதைப் புத்தகம் கையில் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது கடைசிப் பக்கத்தை. அங்கே கட்டம் போட்டு "இக்கதையால் நாம் அறிவது" என்று இருந்தால், அந்த அளவுக்கு வெள்ளைத்தாளை வெட்டி, பசை தடவி, மேலே ஒட்டிவிடுவேன். ஒட்டிய இடத்தில் பிள்ளைகள் எதையாவது வரைந்துகொள்வார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடக்கும் சிங்கமும் சுண்டெலியும் கதைக்கு அடியில் இப்போது ஒரு நண்டு இருக்கிறது. இங்கே நண்டு எதற்கு என்று வரைந்தவளிடம் கேட்டேன். "எலிக்குத் தொணையா வலை அறுக்க வந்திருக்கு டீச்சர்." வலையை அறுக்கும் நண்டைப் பற்றி அவளுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. அவள் அப்பா நாள்தோறும் திட்டிக்கொண்டு வருவது அதைத்தான்.

ஊர் கட்டுமாவடி. புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையின் வடக்கு ஓரம். இதைத் தாண்டினால் தஞ்சாவூர் மாவட்டம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு எங்கள் ஊர் என்றால் மீன் மார்க்கெட். 2021இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்காத எனக்கு டீச்சர் என்ற பெயர் வந்தது அப்படித்தான். மாலையானால் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். பெரிய பிள்ளைகளோடு அவர்களுடைய தம்பி தங்கைகளும் வருவார்கள். இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத உருப்படிகள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

என் கட்சி இதுதான்: எழுத்து தெரிவதற்கு முன்பே குழந்தை வாசிக்கத் தொடங்கிவிடுகிறது, அது முதலில் வாசிப்பது படத்தில் இருக்கும் வேடிக்கையை. அந்த வேடிக்கைக்கென்றே செய்த புத்தகங்கள் தமிழில் குறைவு. இருப்பவையும் எங்களைப் போன்ற ஊர்களுக்கு வந்து சேருவதில்லை.

சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு பெட்டியில், துணிமணிக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவில், பழைய ஆங்கிலப் படப் புத்தகம் ஒன்று இருந்தது. பாட் ஹச்சின்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1968இல் எழுதி, வரைந்து வெளியிட்ட 'ரோஸிஸ் வாக்'. ரோஸி என்ற கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குக் கூட்டுக்குத் திரும்புகிறது. புத்தகம் முழுவதற்கும் சேர்த்து 32 சொற்கள்தான். ஆனால் படத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு நரி பின்னாலேயே வருகிறது. அந்த நரியைப் பற்றி எழுத்தில் ஒரு சொல் கிடையாது. கோழியும் கடைசிவரை திரும்பிப் பார்க்காது. நரி வாருகோலை மிதிக்கும், அது எகிறி மூஞ்சியில் அடிக்கும். குளத்தில் விழும். மாவு மூட்டை தலையில் கொட்டும்.

நான் தமிழில் சொல்லிக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன். "கோழி நடந்து போச்சு" என்கிறேன் நான். "டீச்சர், நரி! நரி!" என்று கத்துகிறார்கள் அவர்கள். எனக்குத் தெரியாத ஒன்று தங்களுக்குத் தெரிந்துவிட்டது என்ற பெருமை அந்த முகங்களில் இருந்ததே, அதை வேறெந்தப் பாடத்திலும் நான் பார்த்ததில்லை. வாருகோல் வரும் பக்கத்தில் அது நரியை அடிப்பதற்கு முன்பே சிரித்துவிட்டார்கள். அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்று படத்தைப் பார்த்து ஊகித்திருக்கிறார்கள். வாசிப்பு என்பதும் அதுதானே? கடைசியில் தேனீக்கள் துரத்த நரி ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு பையன் மட்டும் உட்கார்ந்தே இருந்தான். "பாவம், அது காலையிலேர்ந்து ஒண்ணுமே திங்கல" என்றான். நீதிப் பெட்டி இருந்திருந்தால் பேராசை பெரு நஷ்டம் என்று அந்தப் பையனின் வாயை அடைத்திருக்கும்.

தமிழில் இப்படி இல்லாமல் இல்லை. சென்னை தூலிகா பதிப்பகம் 1996லிருந்து தமிழ் உட்படப் பல மொழிகளில் படப் புத்தகங்கள் போடுகிறது. அதில் 'கஜபதி குலபதி' எங்கள் திண்ணையில் நைந்து நூலாகிவிட்ட புத்தகம். எழுதி வரைந்தவர் அசோக் ராஜகோபாலன். பெரிய யானை, அதற்குச் சளி, பிறகு தும்மல். கதை இவ்வளவுதான். தும்மல் வரும் பக்கத்துக்கு முன்னால் நான் மூச்சை இழுத்துப் பிடித்தால் திண்ணையே மூச்சைப் பிடிக்கும். "யானைக்கு மூக்குச் சிந்தி விடணும்னா எம்புட்டுப் பெரிய துண்டு வேணும்?" என்று ஒருத்தி கேட்டாள். பாய்மரத் துணி போதும் என்று முடிவானது. அது வீட்டுக்கு வீடு விவாதமாகி, மறுநாள் ஒரு அம்மா என்னிடமே வந்து, "நல்லாப் படிக்கச் சொல்லிக் குடுங்கன்னு அனுப்புனா யானைச் சளியப் பத்திப் பேசிக்கிட்டு வருது" என்று குறைப்பட்டுக்கொண்டார். படிப்பு என்றால் முகம் இறுகியிருக்க வேண்டும் என்ற நம்பிக்கை நம் ஊரில் கெட்டியானது. நான் வாதாடவில்லை. புத்தகத்தையே அவர் கையில் கொடுத்து அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துத்தான் திரும்பி வந்தது.

இத்தனைக்கும் சிறுவர் இலக்கியத்துக்கு எங்கள் மாவட்டம் கொடுத்ததைப் போல வேறெந்த மாவட்டம் கொடுத்தது என்று சண்டைக்கே வருவேன். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922இல் ராயவரத்தில் பிறந்தவர். பாங்கி வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்குப் பாட்டெழுதியவர். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவானபோது அவரோடு நின்ற 'சக்தி' வை. கோவிந்தனும் ராயவரத்துக்காரர்தான். வாண்டுமாமா அரிமளத்துக்காரர். கோகுலம், பூந்தளிர் படித்து வளர்ந்தவர்களுக்கு அவரைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்றைக்கும் உதயசங்கர், விழியன், விஷ்ணுபுரம் சரவணன் என்று நன்றாக எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலும் இவையெல்லாம் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கானவை. மூன்று வயது, நான்கு வயதுக்கு என்று கேட்டால் கடைக்காரர் அட்டையில் அ, ஆ போட்ட புத்தகத்தை எடுத்து நீட்டுகிறார்.

வங்காளிகளைப் பார்த்து எனக்குப் பொறாமை உண்டு. சுகுமார் ராய் 'ஆபோல் தாபோல்' என்று தலைகால் புரியாத வேடிக்கைப் பாட்டுகளை எழுதி, இல்லாத மிருகங்களைத் தானே வரைந்தும் வைத்தார். 1923இல் புத்தகம் அச்சாகி வருவதற்குள் இறந்துபோனார். நூறு வருஷமாக அந்த மொழிப் பிள்ளைகள் அந்த விசித்திர உருவங்களைப் பார்த்தே வளர்கிறார்கள். நமக்கு வேடிக்கைக் கதை இல்லையா என்றால், வண்டி வண்டியாக இருக்கிறது. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை 1822லேயே லண்டனில் அச்சாகிவிட்டது. ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் தோய்த்துப் பார்க்கும் சீடன். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று விலை பேசும் சீடர்கள். சிரிக்க வைப்பதைத் தவிர அந்தக் கதைக்கு வேறு ஜோலி கிடையாது. நான் சொல்லி முடித்ததும், "கடல் எப்ப டீச்சர் தூங்கும்?" என்று கேட்டு, மறுநாள் தென்னை மட்டையைக் கொளுத்திக்கொண்டு கரைக்குப் போன கூட்டத்தை வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் விரட்டியடித்தார். இந்தக் கதைக்குப் பக்கம் முழுக்கக் கோமாளித்தனம் பொங்கும் வண்ணப் படங்களோடு, நான்கு வயதுப் பிள்ளை கையில் கொடுக்கும்படி ஒரு நல்ல பதிப்பு எனக்குக் கிடைக்கவில்லை. கிடைப்பதெல்லாம் மங்கிய தாளில் குடுமி வைத்த ஆறு பேர்.

கோளாறு படத்தில் இருக்கிறது. எழுத்தாளர் எழுதி முடித்த பிறகு பக்கத்தை நிரப்பக் கூப்பிடும் ஆளாகத்தான் ஓவியரை இன்னும் பலர் நினைக்கிறார்கள். 'பையன் மரத்தடியில் உட்கார்ந்தான்' என்று எழுதியிருந்தால் பையன் மரத்தடியில் உட்கார்ந்திருப்பான். மரத்தின் மேல் குரங்கு அவன் சோற்றுப் பொட்டலத்தைத் திறந்துகொண்டிருக்காது. அந்தக் குரங்குதான் சார் புத்தகம்! அதை யோசிக்க ஓவியருக்கு நேரம் வேண்டும், கூலி வேண்டும், அட்டையில் பெயர் வேண்டும். சாகித்ய அகாடமி 2010லிருந்து பால சாகித்ய புரஸ்கார் கொடுக்கிறது, அது எழுத்தாளருக்கு. டாடா அறக்கட்டளையின் பராக் அமைப்பு கொடுக்கும் பிக் லிட்டில் புக் விருதில் ஓவியருக்கென்று தனிப் பரிசு உண்டு. தமிழக அரசும் சிறுவர் நூல் பரிசோடு ஓவியருக்கும் ஒன்று வைத்தால் கஜானா காலியாகிவிடாது.

விலை ஒரு பெரிய தடை. நான்கு வண்ணம், வழுவழுத் தாள், குறைந்த பிரதிகள். அதனால் பல மொழிப் பதிப்பகங்கள் ஒரு உபாயம் செய்கின்றன. படத்தின் வண்ணங்களை எல்லா மொழிக்கும் பொதுவாக வைத்துக்கொண்டு, எழுத்தைக் கறுப்பில் மட்டும் அமைப்பார்கள். அச்சடிக்கும்போது கறுப்புத் தகட்டை மாற்றினால் இந்தி தமிழாகிவிடும். கெட்டிக்கார வழிதான், அதனால்தான் இந்த விலைக்காவது கிடைக்கிறது. ஆனால் எல்லா மொழிக்கும் பொருந்த வேண்டிய படத்தில் பெரும்பாலும் கடைக்குப் பெயர்ப்பலகை இருக்காது, பஸ்ஸுக்கு ஊர்ப் பெயர் இருக்காது. எந்த ஊரிலும் இல்லாத ஒரு கிராமம் வரும். எங்கள் பிள்ளைகள் அதைச் சும்மா விடமாட்டார்கள். ஒரு புத்தகத்தில் கடலுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன். "இது என்ன மீன்?" என்றார்கள். மீன் என்று போட்டிருக்கிறது என்றேன். "மீனுன்னா? பேரு இல்லாத மீனு எங்க இருக்கு?" காரலா, மத்தியா, கிழங்கானா என்று வாலையும் செதிலையும் பார்த்து ஆராய்ச்சி நடந்து, கடைசியில் அது மீனே இல்லை என்று தீர்ப்பானது. அவர்கள் சிரித்தார்கள்தான். புத்தகத்தோடு சேர்ந்து அல்ல, புத்தகத்தைப் பார்த்து.

சிரிப்புக்கு ஆளா இல்லை எங்கள் கடலில்? பேத்தை மீனைச் சீண்டினால் பந்தாக உப்பிக்கொண்டு கோபமாக மிதக்கும். அதைவிடப் பெரிய கதாநாயகன் ஆவுளியா. கடல்பசு என்றால் உங்களுக்குத் தெரியும். 2022இல் தமிழக அரசு இந்தப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது; நாட்டிலேயே முதலாவது. அதற்குப் பின் கடல்பசுவைப் பற்றி இங்கே பலகை உண்டு, உறுதிமொழி உண்டு. எல்லாம் சரி, எல்லாம் பாடம். ஆனால் அந்தப் பிராணியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மீசை வைத்த தொங்கு வாய். நாளொன்றுக்கு 30, 40 கிலோ கடற்புல் மேய்ச்சல். மூச்சுவிடவோ மேலே வந்தாக வேண்டும். பந்தியில் உட்கார்ந்தவர் நான்கு வாய்க்கு ஒருதரம் எழுந்து மாடிக்குப் போய்விட்டு வருவதைப்போல. ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் இலையில் ஏதோ ஒன்று குறைந்திருக்கிறது என்று வையுங்கள். எழுத்து அதைச் சொல்லாமல் படம் மட்டும் காட்டட்டும். பிள்ளைகள் கத்திக் காட்டிக் கொடுப்பார்கள். பலகையில் இருப்பதைவிடப் பத்திரமாக ஆவுளியா அவர்கள் மனசில் இருக்கும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2023இல் பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்தன; 'நுழை'யில் பிள்ளைகள் விரும்பிக் கேட்பவை உண்டு. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளைக் காசில்லாமல் இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒருமுறை முடி வெட்டிக்கொள்ளும் சிருங்கேரி ஸ்ரீனிவாஸ் எங்களுக்கு அப்படி வந்தவர்தான். அங்கன்வாடிக்கு முட்டை போகிறது, சத்துமாவு போகிறது. அதே வண்டியில் வருஷத்துக்கு இருபது வேடிக்கைப் படப் புத்தகங்களும் போகட்டும். கிழிந்தால் கணக்குக் கேட்கக் கூடாது. பல இடங்களில் புத்தகம் பீரோவுக்குள் பூட்டிக்கிடப்பது கணக்குக்குப் பயந்துதான். நூலகத் துறை புத்தகம் வாங்கும்போது ஐந்து வயதுக்குக் கீழே என்று தனியாக ஒரு பங்கு ஒதுக்கினால் பதிப்பாளர்கள் துணிவார்கள். பக்கக் கணக்கில் விலை போட்டால் படப் புத்தகம் எப்போதும் தோற்கும். இருபத்து நான்கு பக்கத்தில் சொற்கள் முப்பது இருந்தால் அதிகம்.

ஆவுளியாக் கதைக்குப் படம் போட யாராவது ஓவியர் துணிந்தால் கட்டுமாவடிக்கு வரட்டும். விடியற்காலையிலேயே வந்துவிட வேண்டும், வெயில் ஏறினால் ஏலம் முடிந்துவிடும். மீனுக்கு வால் எப்படி இருக்கும், படகில் இன்ஜின் எங்கே இருக்கும் என்று காட்டிக்கொடுக்க வழிகாட்டிகள் தயார். மூத்தவளுக்கு ஏழு வயது. தப்பாக வரைந்தால் அழித்து வரையச் சொல்வாள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.